தலைக்கு முந்நூறு

மாப்ளே, நீ அனுப்புன நோட்டீஸ் வந்து சேந்துச்சு. பேரன் செல்லுல பெருசாக்கிக் காட்டுனான். 'வரும் முதல் தேதியிலிருந்து தண்ணீர்க் கட்டணம் தலைக்கு ரூ.300. விருந்தினர் தங்கினால் நாளொன்றுக்குத் தலைக்கு ரூ.20.' அடியில கையெழுத்து, அது மேல ரப்பர் ஸ்டாம்பு. படிச்சதும் நெஞ்சு நெறஞ்சு போச்சு. நம்ம குடும்பத்துல கவர்மெண்டு உத்தியோகம் பாத்தவுக உண்டு; கவர்மெண்டாவே ஆனவன் நீ ஒருத்தன்தான்.

'மாமா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க'ன்னு வேற கேட்டுருக்கே. நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசக்காட்டு ஆளு. கணக்கு வாத்தியாருக்குப் பயந்து எட்டாங்கிளாஸோட ஓடி வந்தவன். நீ இன்ஜினியரு. வில்லிவாக்கத்துல எட்டு போர்ஷன் கட்டி, கீழ நீயும் மத்த ஏழுல குடித்தனமுமா இருக்கே. உனக்கு நான் சொல்லிக்குடுக்க என்ன கெடக்கு? இருந்தாலும் தாய்மாமன்னு மதிச்சுக் கேட்டுட்டே. சந்தேகத்த மட்டும் கேட்டு வைக்கிறேன்.

தலைக்கு 300ன்னா, எது தலை? ரெண்டாம் மாடியில கைக்குழந்தை இருக்குன்னு உங்கம்மா சொன்னா. அது முழுத் தலையா, அரை டிக்கெட்டா? அரைன்னு போட்டுறாத மாப்ளே. நாளைக்குப் பதினஞ்சு துணி நனைக்கிற தலை அதுதான். அதே மாடியில நைட் டூட்டி பாக்குற நர்சு பிள்ளை ஒண்ணு. பாதி நாளு ஆஸ்பத்திரியிலேயே குளிச்சு முடிச்சு, வந்து படுத்துத் தூங்கிரும். எதுத்த போர்ஷன்ல கம்ப்யூட்டர் பசங்க அஞ்சு பேரு. வாரம் பூராச் சேத்த அழுக்க ஞாயித்துக்கெழம மிஷின்ல போட்டா, அது சாயங்காலம் வரைக்கும் உறுமுது. நர்சுப் பிள்ளைக்கும் 300, அந்தப் பசங்க ஒவ்வொருத்தனுக்கும் 300. சமதர்மம்னா இதுதான் சமதர்மம்.

விருந்தாளிக்கு 20 ரூபாய் எப்படி வசூல் பண்ணப் போறே? எனக்கு ஒரு யோசன தோணுது. ராத்திரி பத்து மணிக்கு டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு மாடி மாடியாப் போயி வாசல்ல கெடக்குற செருப்ப எண்ணு. ரெண்டு செருப்புக்கு ஒரு தலை. ஒத்தச் செருப்புக் கெடந்தா பத்து ரூபாய் போடு, நாய் தூக்கிட்டுப் போனது உன் குத்தமில்ல. அடுத்த மாசம் கண்ணு காட்ட நானும் அத்தையும் அங்க வாறோம். எங்க கணக்கையும் இப்பவே சொல்லிரு. என் தலையில முடி இல்ல, அலசுறதுக்குத் தண்ணி கம்மி. பாத்துப் போடு.

சரி, உள்ள வருவோம். இந்த 300 எங்கேர்ந்து மொளச்சுச்சு? நோட்டீசுல கணக்கு ஒண்ணும் காணலியே. பக்கத்து வீட்டுக்காரரு 250 வாங்குறாரு, அதுக்கு மேல ஒரு அம்பது, அதானே? நான் ராத்திரி படுக்காம உக்காந்து பேரன வச்சுக் கணக்குப் போட்டேன். பாதாளச் சாக்கடை உள்ள பட்டணத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் வேணும்னு மத்திய அரசு ஒரு அளவு வச்சிருக்கு. முப்பது நாளைக்குப் பெருக்குனா 4,050. நாலாயிரம் லிட்டர்னு வச்சுக்கோ. உன் மோட்டார் 1 எச்.பி. ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட் கரண்டு தின்னும்னு தாராளமாவே வைப்போம். அந்த நேரத்துல ரெண்டாயிரம் லிட்டரு ஏறும். போர்ல இருந்து சம்ப்புக்கு ஒரு தடவ, சம்ப்புல இருந்து மாடித் தொட்டிக்கு இன்னொரு தடவ. ஆக ஒரு தலைக்கு மாசம் நாலு யூனிட். யூனிட்டு பத்து ரூபாய்னாக்கூட நாப்பது ரூபாய்.

மெட்ரோ வாட்டர் இருக்கேன்னு சொல்லுவே. இருக்கு. கட்டடத்தோட வருஷ மதிப்புல 7 சதவீதம் வரி, அதுபோக வீட்டுக்கு இவ்வளவுன்னு மாசக் கட்டணம். உன் வாசல்ல வாரியத்து மீட்டர் இருக்கா? இல்ல. சென்னையில பெரும்பாலான வீட்டுக்குக் கெடையாது. நீ ஒரு குடம் புடிச்சாலும் ஒரு கொளத்த ரொப்புனாலும் அந்தச் சீட்டுல நம்பர் மாறப்போறதில்ல. அந்தக் கணக்க மாடி வரைக்கும் தூக்கிட்டு வந்து தலைக்குப் பங்கு வச்சாலும், நாப்பதுல இருந்து 300க்கு ஏற இன்னும் பல மாடி பாக்கி இருக்கு. மோட்டார் காயில் போகும், தொட்டி கழுவணும், போர் எறங்கும், சித்திரையில லாரி கூப்புடணும். எல்லாம் செலவுதான், ஒத்துக்கிறேன். அப்ப லாரி வந்த மாசம் லாரிச் சீட்டக் காட்டி வாங்கு. கார்த்திகை மாசம் தெரு முழங்கால் தண்ணியில நிக்கும்போதும் லாரிக் காசு வாங்குனா, அந்த லாரி எந்த வழியா வந்துச்சுன்னு யாராவது கேப்பாக.

இன்னொண்ணு. ஏழு வீட்டுக்கும் கரண்டுக்குத் தனித்தனியா சப் மீட்டர் மாட்டி வச்சிருக்கே. மாசம் முதத் தேதி சேர் போட்டு ஏறி நின்னு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு, புள்ளி தப்பாம எழுதுறே. யூனிட்டுக்குப் பத்து ரூபாய். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் கவர்மெண்டு இலவசமாக் குடுக்குதே, அது எந்த வீட்டுக் கணக்குல கழிஞ்சுச்சுன்னு இன்னைக்கு நான் கேக்கல. கேக்க வந்தது வேற. கரண்டுக்குப் புள்ளி வரைக்கும் அளக்கத் தெரிஞ்ச இன்ஜினியரு, தண்ணிக்கு மட்டும் ஏன் தலைய எண்ணுறே?

நீ சொல்ல மாட்டே. நானே சொல்லிர்றேன். தண்ணிக்கு எட்டு வீட்டுலயும் மீட்டர் வச்சா, அதுல ஒண்ணு உன் வீட்டு மீட்டர்.

போன தடவ வந்தப்ப ரெண்டு நாளு உன் வாசத் திண்ணையில உக்காந்துருந்தேன். வேல ஒண்ணுமில்ல, பாத்துக்கிட்டே இருந்தேன். காலையில ஓஸ் பைப்ப எடுத்துக் காரக் கழுவுனே. கார் காஞ்ச பெறகும் பைப்பு தரையில கெடந்து ஓடிக்கிட்டே இருந்துச்சு, நீ போன்ல பேசிக்கிட்டு இருந்தே. அப்பறம் குரோட்டன்ஸ் தொட்டி பன்னெண்டுக்கும் ஊத்துனே. செடி குடிச்சது கொஞ்சம், தெரு குடிச்சது மிச்சம். ராத்திரி மோட்டாரப் போட்டுட்டு சீரியல் பாக்க உக்காந்துட்டீக. மாடித் தொட்டி வழிஞ்சு செவுரு பூரா அருவி. மூணாம் மாடிப் பய எறங்கி வந்து 'சார், டேங்க் வழியுது'ன்னு சொன்ன பெறகுதான் எந்திரிச்சே. அரைமணி நேரம் வழிஞ்சா ஆயிரம் லிட்டரு மாப்ளே. ஒரு ஆளு ஒரு வாரம் பொழங்குற தண்ணி. அத உன் நோட்டீசுல எந்தத் தலையில போட்டே? எல்லார் தலையிலயும். சொல்ல வந்தவன் தலையிலயும் சேத்து.

தலைக்கணக்கோட சௌகரியமே இதுதான். செலவு மொத்தத்தையும் கூட்டு, ஆளு எண்ணிக்கையால வகு. ஒழுகுறது, வழியுறது, வீட்டுக்காரன் ஊத்துனது எல்லாம் வகுத்தலுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிரும். தலைக்கு வேண்டாம், சதுர அடிக்குப் போடலாம்னும் உனக்கு ஒரு யோசன வரும். அதுல பெரிய ஹால் வச்ச வயசான பொண்டாட்டி புருசனுக்குக் கூட விழும். ஹாலு தண்ணி குடிக்காது. வீட்டுக்கு இவ்வளவுன்னு ஒரே மாதிரிப் போட்டா நர்சுப் பிள்ளை அஞ்சு பசங்களுக்கும் சேத்துக் கட்டும். எப்படிப் பிரிச்சாலும் பிரிக்கிறவன் வீட்டுப் பக்கம் மட்டும் ஈரம் தெரியாது.

நம்ம ஊருக் கண்மாயில நீர்ப்பாய்ச்சி ஒருத்தரு இருந்தாரே, ஞாபகம் இருக்கா? நீ சின்னப்பய, மடையில குதிச்சு அவருகிட்ட அடி வாங்கிருக்கே. மடை தொறக்குறது அடைக்கிறது, எந்த வயலுக்கு எம்புட்டு நேரம் எல்லாம் அவரு கை. அறுப்பு முடிஞ்சா பாசனக்காரங்க அவுக அவுக நெலத்துக்குத் தக்கன நெல்லு அளந்து குடுக்கணும். ஆனா அவருக்கு அந்த ஆயக்கட்டுல குழி நெலங்கூடக் கெடையாது. பெரிய வீட்டுக்காரன் தோப்புக்குப் பத்து நிமிஷம் கூட வுடுங்கன்னு கெஞ்சுனாலும், கடைமடை ஏழை 'இன்னிக்கி என் முறை'ன்னு கத்துனாலும், அவரு நெழலப் பாத்துத்தான் மம்பட்டிய எடுப்பாரு. தனக்கு அங்க வயல் இல்லங்குறதாலதான் ஊரு அந்த ஆளு வாக்க நம்புச்சு. இருந்தும் ராத்திரியில மடை ஒடச்சவன், மண்ட ஒடஞ்சவன் எல்லாம் உண்டு, அது வேற. உன் கட்டடத்துல மடையும் உன்னுது, முத வயலும் உன்னுது, நெல்லு அளக்குற மரக்காலும் உன்னுது. கடைமடையில மூணாம் மாடி. அங்க ஏழு மணிக்கு மேல குழாய்ல காத்துதான் வருதுன்னு கேள்வி.

நான் மட்டும் என்ன யோக்கியமான்னு கேப்பே. கேளு. எங்க பம்ப்செட்டுக்குக் கரண்டு இலவசம், மீட்டரு கணக்கும் இல்ல. ராத்திரி கரண்டு எப்ப வந்தாலும் ஓடட்டும்னு சுவிட்ச போட்டு வச்சுட்டுத் தூங்குற ஆளுதான் நாங்க பூராவும். எங்க தாத்தா காலத்துல கெணத்துல எட்டிப் பாத்தா மூஞ்சி தெரியும். இப்ப போர்ல எத்தன நூறு அடின்னு ஒருத்தனுக்கு ஒருத்தன் போட்டி. அளக்காத தண்ணிய எவனும் மிச்சம் புடிக்க மாட்டான்னு சொல்றதுக்கு எனக்கு இந்தத் தகுதி ஒண்ணே போதும்.

என் பேத்தி கலிபோர்னியாவுல வாடகை வீட்டுலதான் இருக்கா. இந்தத் தலைக்கணக்கு வித்தை அங்கயும் உண்டாம். மொத்தப் பில்ல ஆளு எண்ணிக்கைக்கோ வீட்டுப் பரப்புக்கோ விகிதம் போட்டு வாடகைக்காரன் தலையில கட்டுறது. 2004ல அமெரிக்கா பூராவும் அடுக்கு வீடுகள எடுத்து இத ஒரு பெரிய ஆய்வே பண்ணிருக்காக. வீட்டுக்கு வீடு தனி மீட்டர் வச்ச கட்டடத்துல, தண்ணிய வாடகையோட சேத்துக் கட்டுற எடத்த விட 15 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே செலவு கொறஞ்சுருக்கு. விகிதம் போட்டுப் பிரிச்ச கட்டடத்துல? சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் கொறயல. நான் கொறச்சா லாபம் எட்டு வீட்டுக்கும் பங்கு போகும், நான் வீணாக்குனா நட்டமும் பங்கு போகும்னு தெரிஞ்சா எவன் குழாய மூடுவான்? கலிபோர்னியாவுல 2018லேர்ந்து புதுசா இணைப்பு கேக்குற அடுக்கு வீட்டுக்கெல்லாம் தனி மீட்டர் வச்சே ஆகணும்னு சட்டம் போட்டுட்டாக. பில் போட்ட கூலின்னு வீட்டுக்காரன் கூடுதலா வாங்குறதுக்கும் மூக்கணாங்கயிறு உண்டு: சட்டம் வந்தப்ப மாசம் 4.75 டாலரு, இல்லாட்டி பில்லுல கால் பங்கு, ரெண்டுல எது கம்மியோ அது. கூலி வாங்குறதத் தப்புன்னு சொல்லல பாரு. எம்புட்டுன்னு மட்டுந்தான் கேக்குறாக.

அன்னைக்கு போன்ல இன்னொண்ணு கேட்டே, பொண்டாட்டிக்குக் கேக்காம மெல்லமாக் கேட்டே. 'வாடகை லேட்டாக்குறவன் போர்ஷனுக்குக் கேட் வால்வ கொஞ்சம் மூடி வைக்கலாமா மாமா?' மூடலாம் மாப்ளே, வலது பக்கம் திருகுனா மூடிக்கிரும். என்ன, 2017ல நம்ம தமிழ்நாட்டுல வீட்டுக்காரன் குடித்தனக்காரன் சட்டம் ஒண்ணு போட்டு, 2019 பிப்ரவரியில அமலுக்குக் கொண்டுவந்துட்டாக. தண்ணி, கரண்டு மாதிரி அத்தியாவசியமான எதையும் வீட்டுக்காரன் நிறுத்தக் கூடாதுன்னு அதுல இருக்கு. குடித்தனக்காரன் வாடகை அதிகாரிகிட்ட மனு குடுத்தா, வெசாரணை முடியுறதுக்கு முந்தியே வால்வ தொறக்கச் சொல்லி உத்தரவு போடலாம். அந்த அதிகாரி துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் கொறயாத ஆளு. அவரு முன்னால உன் ரப்பர் ஸ்டாம்பு செல்லாது, அவரு அத விடப் பெருசா வச்சிருப்பாரு. வாடகை பாக்கின்னா பாக்கிக்கு உள்ள வழியில போ. நாக்கு வறண்டவன் சீக்கிரம் காசு கட்டுவான்ங்குறது உன் இன்ஜினியரிங்.

அதே சட்டத்துப் பின்னாடி யாரு எதச் சரி பண்ணணும்னு ஒரு பட்டியலும் இருக்கு. குழாய் வாஷர் குடித்தனக்காரன் பொறுப்பு. உள்ள போற பைப்பு மாத்துறது உன் பொறுப்பு. வாஷர் விசயத்துல நீ தெம்பாப் பேசலாம். ஒரு செகண்டுக்கு ஒரு சொட்டுன்னு வையி, சொட்டுக்குக் கால் மில்லி. ஒரு நாளைக்கு இருபது லிட்டருக்கு மேல போகும், ஒரு கேன் தண்ணி. கடையில வாஷர் வெல ஒரு டீ வெலகூட வராது. ஆனா மீட்டர் இல்லாதப்ப அவன் ஏன் வாங்கிப் போடணும்? சொட்டுறது எட்டு வீட்டுத் தண்ணி.

2019ல பட்ட பாட்ட அதுக்குள்ள மறந்துட்டியா? புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் எல்லாம் வத்தி வெடிச்சுக் கெடந்துச்சு. ஜூலை மாசம் ஜோலார்பேட்டையிலேர்ந்து அம்பது வேகன்ல 25 லட்சம் லிட்டரு ஏத்திக்கிட்டு உங்க வில்லிவாக்கத்துக்குத்தான் ரயிலு வந்துச்சு. நான் டிவியில பாத்துட்டு, எந் தங்கச்சி மகன் ஊருக்கு ரயில்ல தண்ணி வருதுன்னு டீக்கடையில பெருமையாச் சொன்னேன். அப்பறந்தான் தெரியுது, அது கீழ்ப்பாக்கத்துக்குப் போயிருச்சு, நீ லாரிக்காரன் கால்ல கெடக்குறேன்னு. அந்த வருசம் உன் கட்டடத்துல ரெண்டு போர்ஷன் காலி. காலி போர்ஷன்ல தலைக்கணக்கு எப்படிப் போட்டே? அந்த நட்டத்துக்குத்தான் இந்த 300ஓ என்னவோ.

மழைத் தண்ணி சேக்குறது 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு ஆயிப்போச்சு. உன் மாடியிலேர்ந்தும் ஒரு பைப்பு எறங்கி வருது, பாத்தேன். மண்ணுக்குள்ள ஒரு முழம் போயி நிக்குது. அதிகாரி வந்தா காட்டுறதுக்கு நட்டு வச்ச பைப்புன்னு வெள்ளந்தியான எனக்கே தெரியுது. கூழாங்கல்லும் மணலும் போட்டு ஒழுங்கா ஒரு குழி வெட்டு. போர் எறங்குற செலவுல கொஞ்சமாவது கொறயும். இதுக்கும் தலைக்கு எம்புட்டுன்னு நோட்டீஸ் அடிக்காத.

மீட்டர் வைக்கிறது சுளுவில்லன்னு தெரியும். பழைய முறையில கட்டுன கட்டடம், சமையக்கட்டுக்கு ஒரு பைப்பு, குளிக்கிற எடத்துக்கு ஒண்ணு, கக்கூசுக்கு ஒண்ணுன்னு மாடியிலேர்ந்து தனித்தனியா எறங்குது. ஒரு வீட்டுக்கு ரெண்டு மூணு மீட்டரு வேணும். தொட்டி காலியாகி மறுபடி ரொம்பும்போது பைப்புக்குள்ள நிக்கிற காத்தும் மீட்டரச் சுத்தும். அதனால தொட்டியக் காய விடாம வச்சுக்கிறது உன் வேலையாகிரும். உன் உப்புத் தண்ணியில முள்ளு சிக்கும், வருசத்துக்கொரு தரம் கழட்டிக் கழுவணும். எல்லாத்துக்கும் மேல மாடித் தொட்டி வாய்ல பெரிய மீட்டர் ஒண்ணு மாட்டு. அது காட்டுறதுல எட்டு வீட்டு மீட்டரையும் கூட்டிக் கழி. மிச்சம் வருதே, அது செவுத்துக்குள்ள ஒழுகுறது, வாசத் தெளிக்கிறது, நீ காரு கழுவுறது. அது உன் கணக்கு. அத வகுத்தல்ல தள்ளாத. ஆளுக்கு நாலாயிரம் லிட்டரு வாடகையிலேயே அடக்கம்னு ஒப்பந்தத்துல எழுதிரு. மேல போறவன்கிட்ட ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவுன்னு, உன் சீட்டையும் ஒட்டி வச்சு வாங்கு. ரீடிங் எடுக்கும்போது அந்தந்த வீட்டு ஆளு ஒருத்தரு பக்கத்துல நிக்கட்டும். இப்படி வாங்குனா நர்சுப் பிள்ளை உனக்கு ஒரு ரூபாய் தர வேண்டியிருக்காது. பசங்க குடுப்பாங்க. நீயும் குடுப்பே, அதான் கொஞ்சம் கசக்கும்.

பிளம்பர் வேல செய்யுற அன்னைக்குத் தண்ணி நிக்கும்னு மொத நாளே எல்லா வீட்டுக்கும் சொல்லிரு, ஆளாளுக்கு ரெண்டு வாளி புடிச்சு வச்சுக்கட்டும். கீழ் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லு. 'கீழ பைப்பு செவுத்துக்குள்ள போகுது மாமா, தட்டுனா டைல்ஸ் ஒடஞ்சுரும், அந்த டிசைன் இப்ப கெடைக்காது'ன்னு இழுப்பே. நாலு பெட்டி மிச்சம் வாங்கிப் பரண் மேல வச்சிருக்கேன்னு உங்கம்மா சொன்னா.